கொடுவாமலையின் வெள்ளைக் குறி

அத்தியாயம் 17

கொப்பியில் எழுதியிருந்த பதினொன்றில் பத்து, பாயின் மேல் வரிசையாகக் கிடந்தன. சப்பாத்து, இரண்டு சோடிக் காலுறை, கையுறை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் இரண்டு, ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற்று நான்கு, பேரீச்சம்பழம், விசில், காயத்துக்குக் கட்டும் துணி, மாற்றுச் சட்டை. எடுத்து வைத்த ஒவ்வொன்றுக்கும் நேரே அனுஷியா பென்சிலால் சரி போட்டிருந்தாள்.

பதினோராவது வரிக்கு மட்டும் சரி இல்லை. அந்த வரியில் 'அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்' என்று இருந்தது.

விடிந்தால் சனிக்கிழமை. இன்னும் ஒரு பகல்தான் மீதி.

அவள் கணவன் சசிகரன் போய் ஒரு வருடமாகிறது. திங்கட்கிழமை ஆட்டைத் திவசம். குச்சவெளிக்கு அப்பால், கடலுக்குள் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் கொடுவாமலைக்கு வெளியூர்ச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போய், ஏற்றி இறக்குவதுதான் அவனுடைய தொழில். அந்த மலையில் அவன் கைபடாத கல் இல்லை என்பார்கள். எட்டு வருடம் ஏறியவன், உச்சிக்குக் கிட்ட, எந்த விபரமுள்ளவனும் போகாத இடப்பக்க விளிம்பில் போய்க் காலை வைத்தான். மழைத் தூறல். கல் வழுக்கிவிட்டது.

ஏன் அந்தப் பக்கம் போனார்? இந்த ஒரு கேள்விதான் அனுஷியாவை ஒரு வருடமாகத் தூங்க விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக விடியற்காலையில் கடற்கரை மணலில் நடந்து காலைப் பழக்கியதும், போன கிழமை, சசிகரனோடு வழிகாட்டியாக இருந்த அப்ராஸிடம் போய் "என்னையும் ஏத்துங்கோ நானா" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டதும் அதற்காகத்தான். அவன் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் தலையை ஆட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"இதென்ன, பள்ளிக்கூடப் பிள்ளை சுற்றுலாவுக்கு வெளிக்கிடுற மாதிரி எல்லாம் பரப்பிக் கிடக்கு?"

தேத்தண்ணிக் கோப்பையுடன் வாசலில் நின்றாள் தாய் இலட்சுமி.

"அம்மா, இதில இருங்கோ. ஒண்டு சொல்லவேணும்."

"நிண்டாலும் எனக்குக் காது கேக்கும். சொல்லு."

"நாளைக்குக் கொடுவாமலைக்குப் போறன்."

இலட்சுமி கோப்பையைக் கதிரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் ஊற்றுப்பட்டது. அவள் துடைக்கவில்லை.

"ஆரோட?"

"அப்ராஸ் நானாவோட. இன்னும் நாலு பேர் வருகினம், கொழும்பில இருந்து."

"அவனோடயோ?" இலட்சுமியின் குரல் கிணற்றடி வரை கேட்டது. "உன்ர பொட்டை அழிச்சவனோடயோ? அவன் போட்ட குறியை நம்பித்தானேடி அந்தப் பிள்ளை போய் விழுந்தவன்? மரண விசாரணையில அவனே சொன்னவன், பிழை என்ர எண்டு. உனக்கு மறந்து போச்சோ?"

அனுஷியாவுக்கு மறக்கவில்லை. மாரி முடிந்ததும் மலைப்பாதையில் புதிதாகக் குறி போடுவது சசிகரனும் அப்ராஸும் வருடாவருடம் செய்கிற வேலை. எந்தக் கல்லால் ஏற வேண்டுமோ அந்தக் கல்லில் சுண்ணாம்பால் உள்ளங்கை அளவு ஒரு பொட்டு. போன வருடம் வெள்ளத்தில் பழைய பாதை சரிந்துவிட்டது. அப்ராஸ் ஒரு நாள் முந்திப் போய் புதுப்பாதை பார்த்துக் குறி போட்டுவிட்டு வந்தான். மறுநாள் சசிகரன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனான். உச்சிக்குக் கிட்ட, "அந்தா, அப்ராஸின்ர குறி. நில்லுங்கோ, நான் முதல் போய்ப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பினானாம். கூடப் போன மூவரும் அதைத்தான் சாட்சி சொன்னார்கள்.

"அந்த இடத்தை என்ர கண்ணால பாக்கவேணும் அம்மா. பாக்காமத் திவசத்தில போய் இருக்க என்னால ஏலாது."

"இஞ்சருங்கோ! கேட்டுக்கொண்டுதானே இருக்கிறியள்? வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்!" என்று முற்றத்துப் பக்கம் திரும்பினாள் இலட்சுமி.

முற்றத்தில் வள்ளத்து எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த தகப்பன் பாலசிங்கம் தலையை நிமிர்த்தவில்லை. மருமகன் செத்த பிறகு அவர் பேசுவது குறைந்து போயிருந்தது. வடக்குப் பக்கக் கடலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் நீரோட்டம் சரியில்லை என்பார்.

"போகட்டும் விடு," என்றார். பிறகு, துணியை உதறிக்கொண்டே, "நானும் வாறன்."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்க வாறியள்? மலைக்கோ?" என்றாள் இலட்சுமி. "கிணத்தடிக்குப் போய் வாறதுக்கே மூண்டு தரம் முருகனைக் கூப்பிடுற மனிசன்! முருகனும் பாவம், அந்த ஆள் மயிலை விட்டிட்டு உங்களைத் தூக்கிக்கொண்டு ஏறவேணும்."

வேறொரு நாளென்றால் அனுஷியா சிரித்திருப்பாள். அப்பாவின் முகம் அதற்கும் மாறவில்லை.

"அப்ராஸிட்டச் சொல்லு பிள்ளை. நானும் வாறன் எண்டு."

உப்புவெளிக்குச் சைக்கிளில் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. மலைக்குப் போகிறவர்களை முதல்நாள் ஒரு தடவை ஏற்றிப் பார்க்காமல் அப்ராஸ் கூட்டிப் போவதில்லை. அவனுடைய சிறு விடுதிக்குப் பின்னால் கடலோரத்தில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு கற்பாறை. அதுதான் அவனுடைய பரீட்சை மண்டபம்.

கொழும்பிலிருந்து வந்த நாலு பேரும் ஏறி முடித்துவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தங்கச்சி. சாப்பிட்டீங்களா?"

"ஓம் நானா."

"பொய். பரவால்ல, ஏறுங்க. மூணு பிடிச்சிருக்கணும், ஒண்டுதான் அசையணும். ரெண்டு கையும் ஒரு காலும் கல்லுல இருந்தா மத்தக் காலைத் தூக்கலாம். முழங்காலைக் கல்லுல ஊண்டினா கீழ இறக்கிருவேன்."

முதல் தடவை முழங்காலை ஊன்றினாள். இறக்கிவிட்டான். இரண்டாம் தடவை பாதியில் கை விட்டுப் போயிற்று. இடுப்புக் கயிறு இழுத்துப் பிடித்தது. மூன்றாம் தடவை, எந்தக் கை, எந்தக் கால் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்தாள்.  நாளைக்கு இதைப்போல் எத்தனையோ மடங்கு. தன்னால் முடியுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"காணும், இறங்குங்க. நாளைக்கு நாலரைக்கு இங்க நிக்கணும். வெயில் ஏற முந்தி உச்சியைப் பிடிச்சாகணும்."

இறங்கி வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பாவும் வரப் போறாராம் நானா."

அப்ராஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கை நின்றது.

"ஐயாவா? என்னோடயா?"

"ஓம்."

"ஏலாது தங்கச்சி. அவர்ர காலுக்கு ஏலாது. வரவேணாம் எண்டு சொல்லுங்க." வழக்கமாகச் சாந்தமாகப் பேசுகிறவனின் குரலில் ஒரு அவசரம். "கட்டாயம் சொல்லுங்க, என்ன?"

பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, பாதையின் படங்களை மேசையில் பரப்பி விளங்கப்படுத்தினான். அடிவாரத்து முட்காடு, நடுவில் சரளைக் கல், அதற்கு மேல் கையும் காலுமாகத் தவழ்ந்து ஏற வேண்டிய பாறைகள். ஒவ்வொரு படத்திலும் கல்லில் மஞ்சள் வர்ணத்தால் ஒரு பொட்டு.

"முந்தி வெள்ளைதானே போடுறனீங்கள்? அவர் இருக்கேக்க சுண்ணாம்புதானே?" என்று கேட்டாள் அனுஷியா.

"மஞ்சள் தூரத்துக்கும் தெரியும்," என்றான் அப்ராஸ். அவள் முகத்தைப் பார்க்காமலே அடுத்த படத்தை எடுத்தான்.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்று அவன் போன பிறகு, அவனுடைய மனைவி இன்ஷிரா அனுஷியாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு முட்டை ரொட்டி கொடுத்தாள். நாளைய சாப்பாட்டுப் பார்சல்களுக்கு வாழையிலையை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"நீங்க கேட்டதுக்கு அவர் சரியான பதில் சொல்லல்ல தங்கச்சி. எனக்கு வாயை மூடிட்டு இருக்க ஏலாம இருக்கு." இலையைத் திருப்பினாள். "உங்கட ஊட்டுக்காரர்ர காரியம் முடிஞ்ச அடுத்த நாளே தனியா அந்த மலைக்குப் போனார். இருந்த வெள்ளை எல்லாத்தையும் உளியால சுரண்டிட்டு வந்தார். கையெல்லாம் தோல் உரிஞ்சு ரத்தம். அண்டையில இருந்து மஞ்சள்தான்."

"ஏன் அக்கா?"

"அவர் போட்ட குறி எல்லாம் வலப்பக்கம், போட்டுட்டு வந்த அண்டைக்கே எனக்குச் சொன்னார். அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன், வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்கத்துல இருந்த வெள்ளை இவர்ர இல்ல."

அனுஷியாவின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

"அப்ப ஆர் போட்டது?"

"நான் கேட்காத நாள் இல்ல. வாயைத் திறக்கல்லயே மனிசன்! மூணு மாசம் லைசன்ஸை நிப்பாட்டி வச்சாங்க. மூதூர்ல சொந்தக்காரங்க கூட ஒரு மாதிரிப் பாக்கிறாங்க. 'உங்கட குறி இல்ல எண்டு போய்ச் சொல்லுங்களேன்' எண்டா, 'சொன்னது சொன்னதுதான், விடு' எண்டுவார்." இன்ஷிரா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புகை," என்றாள்.

சாம்பல்தீவுப் பாலம் வரை அனுஷியா சைக்கிளை மிதித்தது அவளுக்கே நினைவில்லை. பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஒழுங்காக யோசிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வழிகாட்டிகள் இரண்டே பேர்தான். விறகுக்குப் போகிறவர்கள் உச்சி வரை ஏறுவதில்லை. சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு, மழையில் வழுக்குகிற கல்லில், அந்த விளிம்பு வரை போக யாருக்கு என்ன தேவை?

இன்ஷிரா புருஷனைக் காப்பாற்றச் சொல்லியிருப்பாளோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததுமே வெட்கமாக இருந்தது.

வீட்டில் இலட்சுமி குசினியில் அரிசி கழுவிக்கொண்டே, காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"கொப்பர், உன்ர அருமை அப்பா, நிக்கிற நிலையைப் பார். சப்பாத்துக் கடன் கேக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டார். போன மாசியில பட்டது காணாது போல!"

"போன மாசியில என்ன பட்டவர்?"

"முழங்கால் எப்பிடிப் போனது எண்டு நினைச்சாய்? வள்ளத்தில தனியப் போய், வடக்கால எந்தக் கல்லிலயோ ஏறி விழுந்து, நொண்டி நொண்டி வந்து நிண்டார். உடுத்த சாரம் முழுக்கச் சுண்ணாம்பு. தோய்ச்சுத் தோய்ச்சு என்ர கை வெந்து போச்சு."

அனுஷியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப அம்மா அது?"

"எப்பவோ... சசி போறதுக்கு முதல் நாள் பின்னேரம். அடுத்த நாள்தான் இடி விழுந்ததே. பிறகு கால் நோவைப் பற்றி ஆர் கதைச்சது?" இலட்சுமி கழுநீரை வாளியில் ஊற்றினாள். "உனக்கு என்னடி, முகம் வெளுத்துப் போச்சு? வெயிலுக்க தொப்பியைப் போடாமல் வந்தனியோ?"

"ஓம் அம்மா. வெயில்தான்."

பாலசிங்கம் கரையில் இருந்தார். இழுத்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில், பக்கத்து வீட்டுப் பெடியனின் சப்பாத்தைக் காலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அளவு பெரிது. நுனியில் கடதாசி அடைத்திருந்தார்.

அனுஷியா அவருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்துக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா, போன வருசம் கொடுவாமலையில வெள்ளை அடிச்சது நீங்கள்தானே?"

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்தார். பிறகு அவிழ்த்தார்.

"ஓம்."

அலை வந்து திரும்பியது. தூரத்தில் யாரோ வலையை உதறினார்கள்.

"மாரி மழையில என்ர பாலை மரம் விழுந்திட்டுது பிள்ளை. மலை உச்சியில தனிய நிண்ட மரம். அதைக் குறி பார்த்துத்தான் நான் பாருக்குப் போறது. இருவத்தெட்டு வருசமா நான் மீன் பிடிச்ச, கடலுக்கடியில கிடக்கிற கற்பார். மரம் இல்லாட்டி அந்தப் பெரிய கடலில எங்க தேடுறது? இப்பத்தப் பெடியள் போனில பாக்கிறாங்கள். எனக்கு அது சரிவராது. மரம் நிண்ட இடத்தில கடலுக்குத் தெரியிற மாதிரிக் கல்லில வெள்ளை அடிப்பம் எண்டு கடல் பக்கத்தால ஏறினனான். அடிக்கேக்க கொஞ்சம் இங்கால் பக்கமும் பட்டிருக்கும். பாதைக்குத் தெரியும் எண்டு நான் நினைக்கேல்ல."

"அவரிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அப்பா? ராத்திரி பக்கத்தில இருந்துதானே சாப்பிட்டனீங்கள்? 'நாளைக்கு மலைக்குப் போறன் மாமா' எண்டு அவர் சொல்லேக்க நீங்கள்தானே 'கவனம்' எண்டு சொன்னனீங்கள்?"

"குறியை ஆருக்கும் சொல்றேல்ல." பாலசிங்கம் தன் கையைப் பார்த்துச் சொன்னார். "கடல்காரன் குறியைச் சொன்னா அந்தப் பார் அவன்ர இல்ல. அடுத்த நாள் பத்து வள்ளம் நிக்கும். என்ர சொந்தத் தமையனுக்கே சொன்னதில்லை நான். எங்கட வாய்க்கு அது பழகிப் போச்சு பிள்ளை. சொல்லவேணும் எண்டு நினைப்பே வரேல்ல."

"பிறகு?" என்றாள் அனுஷியா.

"அண்டைக்கு விடிய, குறி சரியோ எண்டு பாக்கக் கடலுக்குப் போனனான். தூறல் விட்டு வெளிச்சம் வந்தது. தலையைத் தூக்கிப் பாக்கிறன், என்ர வெள்ளை வடிவாத் தெரியுது. அதுக்கு நேர கீழ, கல்லடியில, சனம் கூடி நிக்குது." அவர் வடக்குக் கடல் பக்கம் கையைக் காட்டினார். "வள்ளத்தைத் திருப்பி வந்து கரை ஏறேக்கதான் ஆர் எண்டு சொன்னாங்கள்."

ஒரு வருடமாகத் தேடிய பதில் இதுதான். அவன் அசட்டையாக நடக்கவில்லை. மலையை மறக்கவில்லை. கூட்டாளியின் குறி என்று நம்பி, வெள்ளையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறான். அவ்வளவுதான். இது தெரிந்தால் மனம் ஆறும் என்றுதான் அனுஷியா நினைத்திருந்தாள்.

அவள் அப்பாவை ஏசவில்லை. ஏசுவதற்கு இருந்த சொற்களையெல்லாம் அந்த வீடு ஒரு வருடமாக அப்ராஸின் மேல் கொட்டித் தீர்த்திருந்தது.

"செத்த வீட்டில, எல்லாச் சனத்துக்கும் முன்னால அம்மா அப்ராஸ் நானாவை மண்ணள்ளித் திட்டேக்க, நீங்கள் எங்க நிண்டனீங்கள் அப்பா?"

"வாசல்ல."

"கேட்டதோ?"

"எல்லாம் கேட்டது."

அவர் அழுதார். அனுஷியா அவர் அழுது பார்த்ததில்லை. சசிகரனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவர் அழவில்லை. அந்த மனிதரைத் தொட வேண்டும் என்று கை எழுந்தது. பிறகு மடிக்கே திரும்பியது.

"நாளைக்கு ஏன் வரப் பாக்கிறீங்கள்?"

"அந்த இடத்தில ஒருக்கா நிக்கவேணும் பிள்ளை. நிண்டு உனக்குச் சொல்லுவம் எண்டு..."

"இப்ப சொல்லிப் போட்டீங்கள். பிறகும் வரவேணுமோ?"

பாலசிங்கம் சப்பாத்துக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். முழங்கால் மடங்காத மனிதர், திரும்பி இறங்குவதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் இறங்கி வரும் எண்ணத்தில் இல்லை. அப்ராஸின் குரலில் காலையில் இருந்த அவசரமும் எதற்கென்று விளங்கியது.

அவள் குனிந்து, அவர் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினாள். அவர் தடுக்கவில்லை.

ஐந்தரை மணிபோல் வாசல் படலையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

அப்ராஸ் இறங்கவில்லை. ஒரு வருடமாக அந்தப் படலையைத் தாண்டி அவன் காலடி வைத்ததில்லை. கையில் ஒரு தலைக்கவசம்.

"காலையில தர மறந்துட்டேன் தங்கச்சி. இதைப் போட்டுப் பாருங்க. பட்டி நாடியில சரியா நிக்கணும்."

அவள் போட்டுக்கொண்டு பட்டியை இழுத்தாள்.  அதற்குள் பாலசிங்கம் நொண்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்துவிட்டார்.

"உள்ள வா தம்பி."

"இல்ல ஐயா. போகணும்."

"அந்த வெள்ளை..." என்றார் பாலசிங்கம். "இடப்பக்கத்து வெள்ளை. அது என்ர."

அப்ராஸ் எஞ்சினை நிறுத்தினான்.

"தெரியும் ஐயா."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே. கேள்விப்பட்டு ஓடி வந்து நான் மேல ஏறிப் பார்க்கக்குள்ள அந்தக் கல்லுக்குப் பின்னால ஒரு வாளி இருந்திச்சு. உங்கட வள்ளத்து இலக்கம் அதுல எழுதியிருந்திச்சு. பொலிஸ் மேல வர முந்திக் கடல்ல எறிஞ்சிட்டேன்."

"ஏன் நானா?" என்றாள் அனுஷியா. "ஏன் சொல்லேல்ல? நாங்கள் உங்களை என்ன பாடு படுத்தினம்!"

அப்ராஸ் ஹாண்டிலை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"புதுக்குறி போட்டா, முதல் நாள் ரெண்டு பேரும் சேர்ந்து போறதுதான் எங்கட பழக்கம். சசிதான் அதைக் கொண்டு வந்தான். அண்டைக்குக் கிண்ணியாவில கல்யாண வீடு. நீ போடா, குறி எல்லாம் வடிவாப் போட்டிருக்கேன் எண்டு சொல்லிட்டு நான் பிரியாணி சாப்பிடப் போனேன். நான் கூட இருந்திருந்தா, அது என்ட குறி இல்லடா எண்டு சொல்லியிருப்பேன்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. "பிழை என்ட எண்டு விசாரணையில சொன்னது முழுப் பொய் இல்ல தங்கச்சி. அதோட, இந்த ஊட்டுல இருந்து இன்னொரு ஆளையும் பொலிஸ் கூட்டிட்டுப் போக விட எனக்கு மனம் வரல்ல."

 படலைக்கு மேலே வேலியில் காய்ந்த பூவரசம் இலை ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

"ஐயா, நாளைக்கு நீங்க வரவேணாம்," என்றான் அப்ராஸ், மெதுவாக. "வந்தாலும் நான் ஏத்த மாட்டேன்."

"தம்பி..."

"படலையில ஆர்?"

குசினிக்குள்ளிருந்து இலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முற்றத்தின் நடுவில் வந்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீயோ! இந்த வீட்டு வாசல்ல வந்து நிக்க உனக்கு என்ன துணிச்சல்? மருமகனைக் கொண்டுபோய்த் தள்ளினது காணாதெண்டு இப்ப மகளையும் கேட்டு வந்தனியோ? என்ர வயிறு எரியிற எரிவுக்கு நீ நல்லா இருப்பியோ? உன்ர பிள்ளை குட்டி..."

"அம்மா!" என்றாள் அனுஷியா.

அப்ராஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஏச்சு முடியும்வரை போகவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. இந்த ஒரு வருடமும் சந்தையிலும் பஸ் தரிப்பிலும் எப்படி நின்றிருப்பானோ அப்படியே நின்றான்.

அனுஷியா அப்பாவைப் பார்த்தாள். சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பாலசிங்கம் நடந்து போய், மனைவிக்கும் படலைக்கும் நடுவில் நின்றார்.

"இலட்சுமி. அவனை ஏசாத."

"ஏசாமல்? கும்பிடவோ? அவனை ஏசாமல் வேற ஆரை ஏசச் சொல்லுறியள்?"

"என்னை."

இலட்சுமி புருஷனின் முகத்தைப் பார்த்தாள், படலையில் நின்றவனைப் பார்த்தாள், தலைக்கவசம் போட்டுக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். மூன்று பேரில் ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"என்ன கதை இது?" என்றாள். குரல் அடங்கிப் போயிருந்தது. "அனு, கொப்பர் என்ன சொல்லுறார்?"

அனுஷியா போய் அம்மாவுக்குப் பின்னால், விழுந்தால் தாங்கிப் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டாள். பாலசிங்கம் சொல்லத் தொடங்கினார்.